மதகு

இரவு இரண்டு நாற்பது.
கென்ட் நகரத்தில் மழை,
பெய்கிறதா விட்டதா என்று சொல்லமுடியாத மழை.
பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை
நுண்ணோக்கி கண் சிமிட்டிப் படம் எடுக்கிறது.
நான் துணைக்கு இருக்கிறேன், அவ்வளவுதான்.

தட்டில் எலியின் செல்கள்.
மாலை ஆறு மணிக்கு
அவற்றின்மேல் ஃப்ளூ வைரஸை விட்டவள் நான்.
சிவப்புச் சாயமும் கலந்திருக்கிறேன்.
சவ்வு முழுசாய் இருக்கும்வரை உள்ளே நுழையாது.
உடைந்தால் போய் விளக்கேற்றும்.

முதல் குழியில்
சாவு சந்தடியில்லாமல் வருகிறது.
காஸ்பேஸ் என்று பெயர்,
செல்லுக்குள்ளேயே உறையில் தூங்கிய கத்தரி.
கண்டதை வெட்டாது. நாலெழுத்து படித்தது.
புரதத்தின் நீண்ட வாக்கியத்தில்
தனக்குத் தெரிந்த அந்த நாலைத் தேடி
நாலாவதன் பின்னால் ஒரு நறுக்கு.
சாரம் சரிகிறது. உட்கரு சுருங்குகிறது.
வந்தவன் தன் பிள்ளைகளை அடுக்கி முடிக்குமுன்
வீட்டுக்காரியே வீட்டை மடித்து
பொட்டலம் பொட்டலமாய்க் கட்டி
வாசலில் வைத்துவிடுகிறாள்.
உடம்பு என்றால் விழுங்கும் செல்கள் வந்து அள்ளியிருக்கும்.
தட்டில் யார் இருக்கிறார்கள்?
பொட்டலங்கள் சும்மா மிதக்கின்றன.

இரண்டாம் குழியில்
கத்தரியின் வாயை மருந்தால் கட்டினேன்.
(தானே கட்டத் தெரிந்த வைரஸ்களும் உண்டு.)
"இவை பிழைக்கும்" என்று
நோட்டில் பென்சிலால் எழுதினேன்.
இல்ஹாம் சிரித்தாள்.
பந்தயம், ஒரு வாஃபிள்.

இரண்டு ஐம்பத்தைந்து: ஒரு சிவப்பு.
மூன்று பத்து: பதினொன்று.
பிறகு எண்ணவில்லை.

கத்தரியின் மௌனமே
இன்னொருவனுக்கு உத்தரவாம்.
அவன் சவ்வுவரை நடந்துபோய்த் துளை போடுகிறான்.
மடிப்பும் இல்லை, பொட்டலமும் இல்லை,
வெடிப்பு.
உள்ளே இருந்ததெல்லாம் தெருவுக்கு வருகிறது.
அக்கம்பக்கத்துக்கு அதுதான் தண்டோரா.
காவல் செல்கள் ஓடிவந்து
சிதறிய துண்டுகளை எடுத்துப் படிக்கும்,
நிணநீர்க் கணுவுக்குச் சுமந்துபோய்
"இந்த முகத்தைப் பார்த்துவை" என்று காட்டும்.
செத்தவள் கொடுத்த சாட்சியில்தான்
படை திரள்கிறது.

டிக்ஸ்மௌடே பக்கம் எங்களுக்குப் பண்ணை இருந்தது.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்கு, அக்டோபர்.
ஜெர்மன் படை ஐசர் ஆற்றுக்கு வந்துவிட்டது.
நியூபோர்ட்டில் இரவு, கடல் ஏறும் நேரம்,
மதகைத் திறந்தார்கள்.
இறங்கும் நேரம் மூடினார்கள்.
மறுநாள் மறுபடி.
மிஞ்சிய மூலையைக் காக்க
தங்கள் வயலையே கடலுக்குக் கொடுத்தார்கள்.
படை நின்றது.
பாடப்புத்தகம் அதோடு முடிகிறது.

எங்கள் அலமாரியில் ஓர் இழப்பீட்டு மனு:
பசு ஏழு.
சர்க்கரைக் கிழங்கு, இரண்டு வயல்.
தையல் இயந்திரம் ஒன்று, ஏறக்குறையப் புதிது.
கையெழுத்து, செரஃபீன் டெவுல்ஃப்.
அவளைக் கேட்டுவிட்டு யாரும் திறக்கவில்லை.
மண்ணிலிருந்து உப்பு இறங்க
எத்தனை வருடம் ஆயிற்று என்று
அந்தத் தாளில் இடமில்லை.

நுரையீரலிலும் அதே கணக்கு.
அளவோடு செத்தால் நாலு நாள் காய்ச்சல்.
மிஞ்சினால்
காக்க வந்த தண்ணீரிலேயே மூழ்குகிறவர்கள் உண்டு.
அந்த அளவு எங்கே என்றுதான்
மூன்று மாடிக் கட்டடம் முழுக்கச் சம்பளம் வாங்கித் தேடுகிறோம்.

ஐந்தே முக்காலுக்கு இல்ஹாம் வந்தாள்,
ஹெல்மெட்டிலிருந்து மழை சொட்ட.
திரையைப் பார்த்தாள்.
"வாஃபிள். கிரீமோடு."
பிறகு நோட்டை எட்டிப் பார்த்து,
"பென்சில்தானே வீர்லெ, அழித்துவிடு."
நான் அழிக்கவில்லை.
ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் நேரத்தை எழுதினேன்.

தட்டை ப்ளீச்சில் மூழ்கடித்துக் கை கழுவும்போது
தொண்டையில் கரகரப்பு.
தட்டிலிருந்து வந்ததல்ல,
டிராமில் இருமிய யாரோ கொடுத்தது.
எச்சில் விழுங்கினால் இடதுபக்கம் வலிக்கிறது.
அங்கே இந்நேரம் யாரோ
மதகுச் சக்கரத்தில் கை வைத்திருக்கிறார்கள்.
என்னையும் கேட்கவில்லை.